சிவப்புக் கோடிட்ட ஒன்பது சொற்கள்

இந்தக் குறிப்பில் அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. அவரே அதை ஒரு முறை அடித்துவிட்டார். மாத்தளையில் நான் புரூப் பார்த்துக்கொண்டிருந்த அச்சகத்தில், ஒரு துண்டுப்பிரசுரத்தின் கடைசி வரியில் ‘பிரெஞ்சு மொழிபெயர்ப்பு’ என்று போட்டு, அவர் பெயரைச் சேர்த்திருந்தேன். புரூப்பைப் பார்த்தவர் என் பேனாவை வாங்கிப் பெயரின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்துத் தாளைத் திருப்பித் தந்தார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. கோட்டுக்கு அடியில் பெயர் நன்றாகத் தெரிகிறது. ஆனாலும் அடித்தது அடித்ததுதான்.

ஊரில் அவரைப் பெய்ரூட் அக்கா என்பார்கள். என்னைவிட நாலு வயது இளையவர். ஆனாலும் எல்லோரையும் போல நானும் அக்கா என்றேன். அவர் என்னை அண்ணே என்றார். பெய்ரூட்டில் பதினொரு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். பிரெஞ்சு அங்கே சமையலறையில் வந்தது. எழுத்து, ஒரு கிழவிக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டியதில் வந்தது. இங்கிலீஷ், றத்தோட்டைக்கு மேலே அவர் பிறந்த தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பாதியும், விமானத்தில் பாதியும் வந்தது என்று அவரே சொல்வார்.

அலுவிகாரையைத் தாண்டிப் பலாபத்வலைப் பக்கம் போகும் வழியில், பெருவீதியின் இரண்டு பக்கமும் ஸ்பைஸ் கார்டன்கள் வரும். எங்கள் பக்கத்தில் தோட்டம் என்றால் தேயிலைதான். அதனால் இவற்றைக் கார்டன் என்றே சொல்வோம். அவற்றில் ஒன்றில் அவர் வழிகாட்டி. வெள்ளைக்காரர்களுக்குக் கறுவாப் பட்டையையும் மிளகுக் கொடியையும் சாதிக்காய் மரத்தையும் காட்டி, கடைசியில் எண்ணெய்ப் போத்தல்கள் இருக்கும் அறையில் கொண்டுபோய் விடவேண்டும். அந்தக் கார்டனில் வழிகாட்டிகளுக்கு டொக்டர்மாரைப் போல வெள்ளை மேலங்கி கொடுத்திருந்தார்கள். இவர் மட்டும் போடவில்லை. கேட்டால் “எனக்குப் பத்தலைங்க” என்பார். அது அவரைப் போல இரண்டு பேருக்குப் போதும்.

அவர் முதலில் அச்சகத்துக்கு வந்தது, மாசி மகத் தேருக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை. மழை இல்லை. நாட்குறிப்பில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் என் ஞாபகத்தில் அன்று மழை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே வீதி கரைந்துகொண்டிருக்கிறது, அதற்குள்ளிருந்து ஒரு சின்ன உருவம் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வருகிறது. கதவைத் திறந்ததும் சாதிக்காய் வாசனை. ஒவ்வொரு நாளும் வானம் எப்படி இருந்தது என்று எழுதி வைக்கிறவன் நான். அவர் விஷயத்தில் மட்டும் நாட்குறிப்பு ஒரு வானத்தைக் காட்டுகிறது, ஞாபகம் இன்னொன்றைக் காட்டுகிறது. எதை அடிப்பது என்று இன்றுவரை முடிவு செய்யவில்லை.

அன்று அவரோடு கார்டன் முதலாளியும் வந்திருந்தார். பாணந்துறைப் பக்கத்து மனிதர். சிங்களம் கலந்து எங்களைப் போலவே தமிழ் பேசுவார். அக்காவைத் தங்கச்சி என்ற பொருளில் நங்கி என்பார். நல்லவர். பிரசுரத்தின் இங்கிலீஷ் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் ஒன்பது சொற்களுக்குக் கோடு போட்டிருந்தார். ஹீல், ஹீலிங், ஹீலர், ஹெல்த், ஹெல்தி என்று ஒரே குடும்பத்துச் சொற்கள், திரும்பத் திரும்ப. பக்கத்தில் அக்கா எழுதிய பிரெஞ்சு. முதலாளிக்குப் பிரெஞ்சில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆகவே எண்ணிப் பார்த்திருக்கிறார்.

“இங்க பாருங்க மாஸ்டர். இங்கிலீசுல ஒம்பது. பிரெஞ்சுல ஒரே மாதிரி இருக்கிறது மூணுதான். மத்த ஆறும் எங்க போச்சு?”

“எங்கயும் போகல முதலாளி,” என்றார் அக்கா. “இங்கிலீஷ்ல இவங்க எல்லாரும் ஒரே லயத்து வீடுகள்ல இருக்காங்க. ஒரே கூரை, ஒரே தண்ணி பைப்பு. பிரெஞ்சுல வேற வேற டிவிஷன்ல இருக்காங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் மொகமே தெரியாது.”

“அப்ப எல்லாரையும் கூட்டிட்டு வாங்க நங்கி. அதுக்குத்தானே ஒங்கள வச்சிருக்கேன்.”

அக்கா மேசையின் மேல் விரலால் கோடு கோடாக இழுத்துக் காட்டினார். “ஹெல்த்துக்கு சான்தே. அது ஒங்களுக்கு மூணு எடத்துலயும் இருக்கு. ஹீலுக்குத்தான் மூணு ஆள். சுவான்யேன்னா பாத்துக்கிறது. புண்ணக் கழுவுறது, காலப் புடிச்சி விடுறது, கஞ்சி ஊட்டுறது. சுலாஜேன்னா நோவு கொஞ்சம் எறங்குறது. இந்த ரெண்டு பேரையும்தான் நான் மாத்தி மாத்திப் போட்டிருக்கேன்.”

“மூணாவது ஆள்?”

“கெரீர்.” அந்தச் சொல்லைச் சத்தம் குறைத்துச் சொன்னார். “கெரீர்னா நோவு போயிடுச்சு. திரும்பி வராது. ஆள் எழும்பி நடந்துட்டாங்க.”

“எனக்கு அந்த ஆள்தான் வேணும்.”

“அவர நான் கூட்டிட்டு வரமாட்டேங்க. நம்ம கையில இருக்கிறது எண்ணெய்தானே.”

முதலாளிக்குக் கோபம் வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “எங்க அப்பாட முழங்கால் நோவு இந்த எண்ணெய்லதான் போச்சு. நான் கண்ணால பார்த்தேன்.”

“அப்ப அத எழுதுவோம். ‘முதலாளியோட அப்பாவுக்கு முழங்கால் நோவு போச்சு’ன்னு. அது உண்மைதானே.”

“அப்பாட போட்டோவும் போடுவமா?” என்று கேட்டு அவரே சிரித்துவிட்டார். அந்தத் தடவை பிரசுரம் அக்கா எழுதியபடியே போனது. ஒன்பது கோடு போட்ட அந்தத் தாளை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அன்றிரவு நாட்குறிப்பில் நாலு பிரெஞ்சுச் சொற்களையும் பொருளோடு எழுதினேன். என் வாழ்க்கையில் எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான். அதில் ஒரு சொல்லை, ஒரு ஆளுக்குச் சொல்வதாக, நான் அறிய அவர் ஒரே ஒரு முறைதான் சொன்னார். அப்போது நான் பக்கத்தில் இருந்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பிறகு அவர் அடிக்கடி வந்தார். விலைப்பட்டியல், போத்தல் லேபல், ஏதாவது ஒரு வேலை இருக்கும். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. நடக்கப்போகும் எதையும் உறுதியாகச் சொல்லமாட்டார். பலாபத்வலை பஸ் வருமா என்று கேட்டால், “போன பஸ் போயிடுச்சு. அடுத்தது வந்தா ஏறுவோம்” என்பார். காய்ச்சலில் கிடக்கிறவரைப் பார்க்கப் போனால், “ரெண்டு நாள்ல சரியாயிடும்” என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்க, இவர் “கஞ்சி குடிச்சீங்களா?” என்று கேட்பார். இல்லை என்றால் அடுப்படிக்குப் போய்விடுவார்.

அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவர் ஒரு நாள் சீண்டினார். “அக்கா, நாளைக்குச் சூரியன் வருமாக்கா?”

“நேத்து வந்துச்சு,” என்றார் அக்கா, லேபல்களை எண்ணிக்கொண்டே.

வெள்ளைக்காரர்களுக்கு அவர் கார்டனைச் சுற்றிக் காட்டும் விதத்தை ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில் என் மனைவியோடு போய்ப் பார்த்தேன். மற்ற வழிகாட்டிகள் இது நெஞ்சுச் சளிக்கு, இது நரம்புக்கு என்று ஆரம்பிப்பார்கள். இவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு கறுவா இலையைக் கசக்கி அவர்கள் கையில் வைத்துக் கண்ணை மூடச் சொல்வார். பிறகு ஏலம். பிறகு கராம்பு. எட்டுப் பத்துப் பேர் மரநிழலில் கண்ணை மூடி நின்றிருப்பார்கள். மேலே இலைகளில் வெயில் அசையும். நேரம் போவது தெரியாது. என் மனைவியும் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கையில் கராம்போடு அவள் அப்படி நின்ற தோற்றத்துக்கு என்னிடம் தேதி இருக்கிறது. அதை எழுதவேண்டியதில்லை.

அவருடைய பிரெஞ்சைக் கேட்டு ஒரு பாரிஸ்காரப் பெண் சிரித்தாளாம், தன் அம்மாவின் அம்மா பேசுவதைப் போல இருக்கிறது என்று. “எழுவது வயசுக்காரங்ககிட்ட படிச்சது எழுவது வயசாத்தான பேசும்,” என்றார் அக்கா.

அந்த எழுபது வயதுக்காரியைப் பற்றி ஒரே ஒரு முறை சொன்னார். மத்தியானம் மின்சாரம் போய், இயந்திரம் நின்று, அச்சகத்தில் மை வாசனையும் அமைதியும் மட்டும் இருந்த நேரம். வெளியே றத்தோட்டை மலைப் பக்கம் பனியில் பாதி மறைந்திருந்தது. யாரோ கண்ட கனவைச் சொல்வதுபோல் சொன்னார்.

“படுத்த படுக்கைண்ணே. மகன் வெளிநாடு. ஞாயித்துக்கெழம போன் பண்ணுவாரு. அம்மா கேட்டா கெரீர் ஆயிடும்னு சொல்லு, தெனமும் சொல்லுன்னாரு. அவங்களும் காலையில எழும்பினதும் அதத்தான் கேப்பாங்க. நானும் ஆயிடும், ஆயிடும்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். ஒரு நாள் சூப்பு கொண்டுபோனா வாயத் தொறக்கல. நீ நல்ல பொண்ணு, ஆனா பொய் சொல்றவ கையால எனக்கு எறங்காதுன்னுட்டாங்க. நாலு நாள். என் கையால ஒண்ணுமே வாங்கல.”

“அப்புறம்?”

“அப்புறம் நான் சொல்றத நிப்பாட்டிட்டேன். அஞ்சாம் நாள் குடிச்சாங்க. அதுக்கப்புறம் ரெண்டு வருசம் என் கையாலதான் குடிச்சாங்க.”

மின்சாரம் வந்தது. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அவர் வேறு ஆளாகி, லேபல் பச்சை நிறம் கொஞ்சம் கூடியிருக்கிறதே என்றார்.

கார்டனில் நடந்ததை முதலாளிதான் எனக்குச் சொன்னார். ஓர் ஆவணி வெள்ளிக்கிழமை, முகம் வாடி, கையில் போனோடு வந்தார்.

“ஒரு வெள்ளைக்கார நோனா வந்தாங்க மாஸ்டர். தலையில முடி இல்ல, துணி கட்டியிருந்தாங்க. புருசன் பின்னால நிக்கிறாரு. எண்ணெய்ப் போத்தலத் தூக்கிக் காட்டி நங்கிகிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனா அந்தக் கேள்வி எனக்கே வெளங்கிச்சு. நங்கி இல்லன்னு தலைய ஆட்டுறா.”

“அப்புறம்?”

“ரெண்டு பேரும் சாதிக்கா மரத்தடியில உக்காந்துட்டாங்க. நங்கி அவங்க காலப் புடிச்சி விட்டுக்கிட்டே இருந்தா. முக்கா மணித்தியாலம். பின்னால வந்த வேன் ரெண்டும் நிக்குது. போகயில நோனா நங்கியக் கட்டிப்புடிச்சி அழுதாங்க. மிளகு மட்டும் வாங்கிட்டுப் போனாங்க.” போனை மேசையில் வைத்தார். “ஒரு வார்த்த, மாஸ்டர். சந்தோசமாப் போயிருப்பாங்கல்ல? நான் என்ன, பாவமா செய்யச் சொன்னேன்?”

அக்காவை வழிகாட்டி வேலையிலிருந்து எடுத்து, வெள்ளைக்காரர்களுக்குச் சமையல் செய்து காட்டும் குடிலில் தேங்காய் துருவப் போட்டிருந்தார். புதுப் பிரசுரத்துக்குப் பிரெஞ்சை முதலாளியின் போனே எழுதிக் கொடுத்திருந்தது. மூன்று இடத்தில் சான்தே. ஆறு இடத்தில் கெரீரும் அதன் பிள்ளைகளும். “பாருங்க, ஒம்பதும் வந்திருச்சு” என்றார்.

நான் அச்சுக்கு விட்டேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம். குறைந்தது, யோசியுங்கள் முதலாளி என்றாவது சொல்லியிருக்கலாம். சில எழுத்துகளின் தலையில் இருக்கவேண்டிய சின்னக் கோடுகள் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தேன். கட்டுகளை எடுத்துப் போக அக்காதான் வந்தார். ஒன்றை உருவி, நின்றபடியே மேலிருந்து கீழ் வரை வாசித்தார். நான் மேசை இழுப்பறையில் எதையோ தேடினேன்.

“அச்சு சுத்தமா இருக்குண்ணே,” என்றார். இரண்டு கட்டையும் அவரே தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அடுத்த வருடம் என் மனைவிக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். கண்டி ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்திருந்து, இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். அதன் பொருள் எனக்குத் தெரியும். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், யாரும் கூப்பிடாமல், அக்கா வந்து நின்றார். கையில் சாதிக்காய் எண்ணெய்ப் போத்தல். கார்டனில் அந்தப் பிரசுரங்கள் குவிந்து கிடந்த காலம் அது. போத்தலைப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றியிருந்தார்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, என் மனைவியின் பாதங்களை மடியில் வைத்து, எண்ணெய் தேய்ப்பார். அறை முழுவதும் சாதிக்காய் வாசனை பரவும். ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கி, பக்கத்து வீட்டு மதிலை எடுத்துக்கொண்டு போகும். இரண்டு பெண்களும் குறைந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார்கள். தூக்கமா விழிப்பா என்று சொல்லமுடியாத மத்தியானங்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் அவள் அதே கேள்வியைக் கேட்பாள். “எனக்கு நல்லாயிடுமாக்கா?”

“கஞ்சி குடிச்சீங்களா?”

“ஒரு தடவ ஆமான்னு சொன்னா ஒங்க வாய் தேஞ்சா போயிடும்?” என்று அவள் சிரிப்பாள். பிறகு அக்கா ஊட்டினால் அரைக் கோப்பை குடிப்பாள். மற்ற ஆறு நாளும் நான்தான் ஊட்டினேன். எல்லாம் சரியாகிவிடும் என்று ஒவ்வொரு நாளும் சொல்லிச் சொல்லி ஊட்டினேன். என் கையால் இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை.

ஒன்பதாவது ஞாயிறோ பத்தாவதோ, வாசல் கேட் அருகில் அக்காவை நிறுத்தினேன். “ஒரே ஒரு தடவ சொல்லிடுங்கக்கா. அவ ஒங்க வாயாலதான் கேக்கணும்னு இருக்கா. எனக்காக.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. கையில் மிச்சமிருந்த எண்ணெயை முழங்கையில் தடவிக்கொண்டார்.

“சொல்றது பெருசில்லண்ணே. அடுத்த ஞாயித்துக்கெழம அவங்க வாயத் தொறக்கணும்ல.”

என் நாட்குறிப்பின்படி அவர் பதினாலு ஞாயிறு வந்தார். பதினைந்தாவது ஞாயிற்றில் என் மனைவி இல்லை. முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு அக்கா வந்து, அடுப்படியிலேயே இருந்துவிட்டுப் போனார். பிறகு வெளிநாட்டுக்காரர்கள் வராத காலம் வந்தது. கார்டனைப் பூட்டினார்கள். ரிவர்ஸ்டன் பக்கம் ஏதோ ஒரு தோட்டத்தில் தங்கச்சி வீட்டோடு இருக்கிறார் என்று முதலாளி சொன்னார். தேடிப் போகவேண்டும் என்று இரண்டு முறை எழுதி வைத்திருக்கிறேன். போகவில்லை.

நான் சொல்ல வந்தது அந்தப் பதினாலாவது ஞாயிறு.

அன்று அக்கா வழக்கம்போல் கால்மாட்டில் உட்கார்ந்தார். பாதங்கள் வீங்கியிருந்தன. எண்ணெயைக் கையில் சூடாக்கித் தேய்க்கத் தொடங்கினார். நான் கஞ்சிக் கோப்பையை வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றேன். கேள்வி வரும் என்று மூவருமே காத்திருந்தோம் என்று நினைக்கிறேன். வரவில்லை. என் மனைவி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். ஒரு பாதம் முடிந்தது. மற்றப் பாதமும் முடிந்தது. அன்று அவள் கேட்கவே இல்லை.

அக்காவின் கை நின்றது. முகத்தைப் பார்க்காமல், மடியில் இருந்த அந்த இரண்டு பாதங்களையும் பார்த்து, சின்னக் குரலில், மரியாதையாக, ஒரு வயதான சீமாட்டியிடம் பேசுவதுபோல் சொன்னார்.

“வூ ஸாலே கெரீர்.”

முதல் இரண்டு சொல்லும் எனக்குப் புரியவில்லை. மூன்றாவது புரிந்தது.

என் மனைவி தலையைத் திருப்பினாள். “என்னாக்கா சொன்னீங்க?”

அக்கா என்னைப் பார்த்தார். அவளும் என்னைப் பார்த்தாள். “ஏங்க, ஒங்களுக்குத்தான் அந்தப் பாஷை தெரியுமே. என்னா சொல்றாங்க?”

வருடக்கணக்காக, எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்ப்பது என் தொழில். ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல்லை நான் போட்டதே இல்லை.

“ஒன்னைப் பாத்துக்கிறேன்னு சொல்றாங்க,” என்றேன்.

“அதான் தெரியுமே,” என்றாள் அவள்.

அக்கா எழுந்து வந்து என் கையிலிருந்த கோப்பையை வாங்கிக்கொண்டார். வாங்கும்போது அவர் விரல்களிலிருந்த எண்ணெய் என் கையில் ஒட்டியது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கரண்டியை நீட்டினார். என் மனைவி வாயைத் திறந்தாள்.

ஞாபகத்தில் அன்று தகரக் கூரையின் மேல் நல்ல மழை. நாட்குறிப்பை இன்றும் எடுத்துப் பார்த்தேன். அந்தப் பக்கத்தின் மூலையில் ஓர் எண்ணெய்க் கறை இருக்கிறது. நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்:

ஞாயிறு. மழை இல்லை. கஞ்சி அரைக் கோப்பை.